மூன்று வயது இளையவள்

வின்சியின் எக்செல் ஷீட்டில் யாரும் சாவதில்லை, ‘எக்ஸிட்’ ஆகிறார்கள். அது அவள் வைத்த பெயர் அல்ல. ஆயுள் கணக்குப் போட்டுத் தருகிற சென்னை ‘ஆக்சுவரி’ நிபுணர்கள் வைத்த பெயர். ஆனால் ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்த ஆலையில், அதை நாக்கு கூசாமல் சொல்லப் பழகியவள் அவள் ஒருத்திதான். “இந்த வருஷம் எக்ஸிட் கம்மி சார்” என்று கணக்குப் பிரிவு மேனேஜர் மைக்கேல்ராஜிடம் சொல்வாள். மழை கம்மி என்பதுபோல அவரும் தலையாட்டிவிட்டு டீ குடிப்பார்.

ஷீட்டின் முதல் பக்கம் ஆயுள் அட்டவணை. மேல் வரியில் ஒரு லட்சம் பேர் உயிரோடு நிற்பார்கள். வயதுக்கு ஒரு வரி, வரிக்கு வரி சிலர் குறைவார்கள். ஐம்பது வரை பெரிதாகத் தெரியாது. அறுபதைத் தாண்டினால் கூட்டம் மளமளவென்று கரையும். கடைசி வரியில் சுழியம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சுழியத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சோறு இறங்காமல் கிடந்தவள்தான் வின்சி. பிறகு பழகிவிட்டது. ஷீட்டை நன்றாக ஆளவும் கற்றுக்கொண்டாள். அந்த ஆலையில் அவளுக்கு இருந்த மரியாதையில் முக்கால்வாசி அந்த ஷீட்டால் வந்தது. அது அவளுக்கும் தெரியும்.

இந்த வருஷம் ஆலை தன் பென்ஷன் டிரஸ்டை மூடிவிட்டு, ஓய்வுபெறுகிறவர்களை ஒரு காப்பீட்டுக் கம்பெனியிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. ஒவ்வொருவரும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வழியில் மாதம் கொஞ்சம் கூடுதலாக வரும், ஆனால் ஆள் போனால் பென்ஷனும் போய்விடும். இரண்டாம் வழியில் கொஞ்சம் குறைவு, ஆனால் அவருக்குப் பிறகு மனைவிக்கு அவள் காலம் உள்ளவரை வரும். ஏப்ரலில் முதல் பென்ஷன் வரும்வரைதான் மாற்றிக்கொள்ளலாம். அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் முடியாது.

இந்தக் கணக்குக்கு மனைவியின் வயதும் வேண்டும். ஆலையின் பழைய பதிவுகளில் அந்தக் கட்டம் பாதிப்பேருக்குக் காலி. ஆளாளுக்கு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். வின்சி கேட்கவில்லை. மனைவியின் வயது தெரியாவிட்டால், கணவனைவிட மூன்று வயது இளையவள் என்று வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். அவளும் கணவன் வயதில் மூன்றைக் கழித்து ஒரு கட்டத்தில் எழுதி, அதன் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். ஒரே இழுப்பில் அத்தனை பெண்களுக்கும் வயது வந்துவிட்டது. பெற்ற தாய்க்குக்கூட இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ‘பரிந்துரை’ என்று ஒரு கட்டம் சேர்த்தாள். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. கணவன் மனைவி இருவரின் மிச்ச ஆயுளுக்கும் வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் அந்தக் கட்டம் ‘முதல் வழி’ என்று தானே சொல்லும், அதிகமாக இருந்தால் ‘இரண்டாம் வழி’ என்று சொல்லும். ஆளுக்கொரு தாளாக அச்சடித்து எடுத்தபோது அவளுக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் உலைக்கு முன்னால் காலத்தைக் கழித்த கங்கப்பன், பிப்ரவரியில் ஓய்வுபெற்றார். வயது ஐம்பத்தெட்டு. தாளை வாங்கிக்கொண்டு வின்சியின் மேஜைக்கு எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் விரல் ஒரு வரியில் நின்றது. கெலவரப்பள்ளிப் பக்கத்து ஆள், வீட்டில் கன்னடம், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் போல என்று வின்சி நினைத்துக்கொண்டாள்.

“இதுல போட்டிருக்கறதெல்லாம் சரிதானுங்களா மேடம்?” என்றார் கங்கப்பன்.

“கம்ப்யூட்டர் போட்டதுங்க. உங்களுக்கு முதல் வழிதான் லாபம்.”

“அப்ப நீங்க சொல்றதுதான்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து நின்று கும்பிட்டார். “யுகாதிக்கு மறுநாளு ஹொசதொடகு. எங்க வீட்டுல கறி விருந்து. நீங்க கண்டிப்பா வரணும்.”

யுகாதிக்கு மறுநாள் ஆலையில் பாதி ஆள் இருக்க மாட்டார்கள். கன்னடமும் தெலுங்கும் பேசுகிற வீடுகளில் எல்லாம் அன்றைக்குக் கறிக்குழம்பு கொதிக்கும். வின்சி அரைநாள் லீவு போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். அவளுக்கு அது தவக்காலம், கறி ஆகாது. போனதும் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தவள் தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். கையில் களி கிண்டுகிற துடுப்பு. “ஒளகே பன்னி, உள்ள வாங்க மேடம்” என்று சிரித்தாள். முடி ஒன்றுகூட நரைக்கவில்லை.

வின்சியும் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். “அம்மா உள்ள இருக்காங்களா?”

“எந்த அம்மா?”

“உங்கம்மா. கங்கப்பண்ணன் வீட்டம்மா.”

துடுப்பு அப்படியே நின்றது. பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “வீட்டம்மா நான்தாங்க. சரசம்மா. எங்கம்மா இவருக்குக் கூடப் பொறந்த அக்கா.”

பின்னால் இலையைத் துடைத்துக்கொண்டிருந்த கங்கப்பனின் முகத்தில் ஈயாடவில்லை. வின்சிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்காரியை மகள் என்று நினைத்த வெட்கம் ஒரு நிமிஷத்தில் போயிருக்கும். அதற்கடியிலிருந்து இன்னொன்று மேலே வந்தது. தாளில் இவளுக்குத் தான் போட்ட வயது ஐம்பத்தைந்து. எதிரில் நிற்பவளுக்கு நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்றுதான் இருக்கும்.

அக்காள் மகளைக் கட்டுவது இந்தப் பக்கம் புதிய செய்தியா? வின்சி பிறந்து வளர்ந்தது மத்திகிரியில். அவளோடு படித்தவர்களிலேயே பள்ளிக்கூடம் முடிந்த கையோடு தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்டியவர்கள் உண்டு. பத்திரிகை வாங்கியிருக்கிறாள், போய் மொய் எழுதியிருக்கிறாள், பிரியாணி சாப்பிட்டிருக்கிறாள். சென்னையில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாமல் போகலாம். மத்திகிரிக்காரிக்கு எப்படி மறந்தது? மறக்கவில்லை, நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை.

இலை போட்டார்கள். களியை உருண்டையாக வைத்து, நடுவில் குழிபறித்துச் சரசம்மா குழம்பை ஊற்றினாள். கறி ஆகாது என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த வீட்டில் இப்போது எதையும் வேண்டாம் என்று சொல்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று தோன்றியது. கறியைத் தின்றாள். தவக்காலத்தில் கறி தின்றது பெரிய பாவமா, முகம் தெரியாதவளுக்கு வயது போட்டது பெரிய பாவமா என்று மனதுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“எங்க வீட்டுக்காரருக்கு நீங்கதான் எல்லாம் எடுத்துச் சொன்னீங்களாமே” என்று சரசம்மா இன்னொரு கரண்டி ஊற்றினாள். “இவரா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நானா தோண்டித் தோண்டிக் கேட்டன். நல்லா இருங்க மேடம்.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வின்சி சொல்லவில்லை. கை கழுவிக்கொண்டு, குழம்பு பிரமாதம் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் கையில் மசாலா வாசனை வீசிக்கொண்டே வந்தது.

மறுநாள் காலை ஷீட்டைத் திறந்து சரசம்மாவின் கட்டத்தில் நாற்பத்திரண்டு என்று அடித்தாள். பரிந்துரைக் கட்டம் கண்ணிமைப்பதற்குள் ‘இரண்டாம் வழி’ என்று மாறியது. அதற்கு ஒரு கூச்சமும் இல்லை. நேற்றுவரை வேறு சொல்லிக்கொண்டிருந்தோமே என்கிற நினைப்பும் இல்லை. வின்சிக்குத்தான் காது மடல் சுட்டது.

மைக்கேல்ராஜின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“யாராவது வந்து கம்ப்ளைன்ட் பண்ணாங்களா?”

“இல்ல சார்.”

“மூணு வயசுன்னு வைக்கறது எல்லா எடத்துலயும் இருக்கற முறைதானே. ஆக்சுவரியே ஒத்துக்குவாரு. கங்கப்பனும் வயசு வந்த ஆளு, பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாரு. வேலியில போற ஓணான எடுத்து எதுக்குமா மடியில விட்டுக்கற?”

முறை சரி என்றால் தனக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று வின்சி கேட்டுக்கொண்டாள். அவர் சொல்வதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட அவளுக்கும் ஆசைதான். முகத்தை மறைத்துக்கொள்ள நல்ல துணி அது. ஒரு முழு டீ குடிக்கிற நேரம் அந்த ஆசை இருந்தது.

“மொத்த நாடும் மூணுன்னு வைக்கட்டும் சார். அது டிரஸ்டோட கணக்குக்கு. ஆளுக்கு ஆள் பரிந்துரைன்னு எழுதினது நான். அதுக்கு யாரும் முறை சொல்லல. ஏப்ரல் வரைக்கும் மாத்தலாம். எல்லாருக்கும் போன் பண்ணப்போறேன்.”

“பண்ணு. ஆனா தப்புன்னு வாயால சொல்லாத. சரிபார்ப்புன்னு சொல்லு.”

அவள் முதல் ஆளாகக் கங்கப்பனைக் கூப்பிட்டாள். சரிபார்ப்பு என்று ஆரம்பித்தவள் அந்தச் சொல்லைப் பாதியிலேயே விட்டாள். “நான் தப்பாப் போட்டுட்டேன் அண்ணே. உங்க வீட்டம்மா வயச. தாளை மாத்தணும்” என்றாள்.

“விடுங்க மேடம். கையெழுத்துதான் போட்டாச்சே.”

“அப்படி விட முடியாதுங்க. அவங்களுக்குத்தான் நஷ்டம். ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க.”

“அவ எதுக்குங்க? நான் மட்டும் வர்றன்.”

“ரெண்டாம் வழிக்கு அவங்க கையெழுத்தும் வேணும்.”

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு வேறு ஒன்று உறைத்தது. முதல் வழிக்கான படிவத்தில் மனைவி கையெழுத்துப் போட இடமே கிடையாது. எத்தனையோ தடவை அச்சடித்திருக்கிறாள், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். கங்கப்பன் முன்னால், நாலடி தள்ளி சரசம்மா. பட்டுப்புடவை. கழுத்தில் விசிட்டர் பாஸ். வின்சி கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினாள். முந்தின நாளெல்லாம் பேசிப் பார்த்துவைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

“இந்த ஷீட்டுல…” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். எக்ஸிட் என்று சொல்லலாம். இவர்களுக்குப் புரியாது. புரியக்கூடாது என்றுதானே அந்தச் சொல்லே. “கங்கப்பண்ணன் காலமான பிறகு நீங்க எத்தனை வருஷம் இருப்பீங்கன்னு இது கணக்குப் போடும். உங்க வயசு எனக்குத் தெரியல. கேட்கவும் இல்ல. ஐம்பத்தஞ்சுன்னு நானே போட்டுட்டேன். அதனால தப்பான வழியச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க.”

சரசம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்பத்தஞ்சா?”

“ஆமா.”

“அந்தத் தாளு இவரு கையில இருந்துச்சில்ல. படிச்சுப் பாத்துத்தான கையெழுத்துப் போட்டாரு?” அவள் கணவன் பக்கம் திரும்பினாள். “மாமா, நீங்க பாக்கலயா?”

கங்கப்பன் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தாளில் ஒரு வரியில் நின்ற அந்த விரல். எந்த வரி என்று வின்சிக்கு இப்போது தெரிந்துவிட்டது.

“பாத்தன்” என்றார் கங்கப்பன்.

“பாத்துட்டா?”

“அம்பத்தஞ்சுன்னு இருந்துச்சு. இருந்துட்டுப் போவட்டும்னு விட்டன்.” அவர் யாரையும் பார்க்காமல் பேசினார். “கண்ணாலமான புதுசுல ஆயுத பூசைக்கு உன்னக் கூட்டியாந்தன், நெனப்பிருக்குதா? மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சு, பொரி குடுத்துக்கிட்டிருந்தாங்க. எங்க செட்டுப் பசங்க, ‘இன்னாண்ணே, பொண்ணுக்கு மாப்ள பாக்கறியா’ன்னு கேட்டுச் சிரிச்சானுங்க. அதுலர்ந்து கூட்டியாரல. இந்தத் தாள்ல எனக்கேத்த வயசுல ஒரு பொண்டாட்டி இருந்தா. பாக்கறதுக்கு நல்லா இருந்துச்சு.”

வின்சி தலையைக் குனிந்துகொண்டாள். பழி தன்னுடையது மட்டும் இல்லை என்று தெரிந்ததும் மனசு ஓரத்தில் கொஞ்சம் லேசானது. அது லேசானதற்காக இன்னும் கூசியது.

“நான் கறுப்பு, படிப்பில்ல, அதான் கூட்டிட்டுப் போவலன்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருக்கறன்” என்றாள் சரசம்மா. குரல் உயரவில்லை. “இன்னிக்கும் பாருங்க மேடம், கேட்டுல செக்யூரிட்டி, பொண்ணான்னு கேட்டான். இவரு ஆமான்னு தலையாட்டினாரு. அவசரத்துல ஆட்டிட்டாருன்னு நெனச்சன்.”

உலை வெக்கையில் இறுகிப்போன முகம் கங்கப்பனுடையது. அதில் இப்படி ஒரு நிறம் ஏறும் என்று வின்சி நினைத்ததில்லை.

ஏதாவது செய்தாக வேண்டும் என்று வின்சி கீபோர்டை இழுத்தாள். “உங்க பிறந்த தேதி சொல்லுங்கம்மா. ஆதார் இருக்குதா?”

“இருக்குது. அதுல ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்கும். வருசம் சரி. தேதி கேம்ப்புக்கு வந்த பையன் அவனா போட்டுக்கினது. நீங்களும் ஒண்ணு போட்டீங்க. ஆளாளுக்குப் போடறீங்க, என்ன யாரும் கேக்கல.” சரசம்மா பையிலிருந்து ஆதாரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கணவனைக் காட்டினாள். “நெசமானது வேணும்னா இவரக் கேளுங்க. நான் பொறந்தன்னிக்கு மருத்துவச்சியக் கூட்டியாந்தது இவருதான். எங்கம்மா சாவற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா.”

வின்சி அவரைப் பார்த்தாள். அவரைத் தவிர அந்த அறையில் யாருக்கும் அது தெரியாது. அவரே சொன்னார்.

“ஐப்பசி. தீவாளி கழிஞ்சிருந்துச்சு. டேம் இல்லாத காலம், ஆத்துல தண்ணி. எனக்கு அப்ப பதினாறு வயசு. அக்கா கத்தறா, வீட்டுல ஆம்பள வேற யாருமில்ல. ஆத்துல எறங்கி அக்கரைக்குப் போயி அந்தம்மாவத் தோள்ல தூக்கிட்டு வந்தன். தொடச்சிட்டு என் கையிலதான் மொதல்ல குடுத்தாங்க. பதினாறு வருசம் சின்னவ. எப்பிடிங்க எனக்குத் தெரியாமப் போவும்?”

வின்சி ஆதாரில் இருந்த வருஷத்தை அடித்தாள். பரிந்துரைக் கட்டம் ‘இரண்டாம் வழி’ என்றே நின்றது.

“எத்தன வருசம் காட்டுது?” என்றாள் சரசம்மா.

“எதும்மா?”

“நீங்கதான சொன்னீங்க. இவருக்குப் பின்னால நான் இருக்கறது.”

இந்த எண்ணை வின்சி ஆயிரம் பேருக்குப் போட்டிருக்கிறாள். ஒருவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. “சராசரிக் கணக்குதான்மா. அப்படியே நடக்கணும்னு இல்ல. பதினெட்டு வருஷம் காட்டுது.”

“பதினெட்டு வருசம் ஒண்டியா.” சரசம்மா அதைத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். கங்கப்பன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்த பிறகும் துண்டை எடுக்கவில்லை. அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை, இருந்திருந்தால் வின்சிக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

“எனக்காக ஆத்துல எறங்கினவரு. கேட்டுல ஒரு வார்த்த சொல்ல முடியல இல்ல?” என்றாள்.

அவர் துண்டுக்குள்ளிருந்தே இல்லை என்று தலையசைத்தார்.

வின்சி இரண்டாம் வழியின் படிவத்தை நடுவில் வைத்தாள். கங்கப்பன் எங்கே என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பேனாவை மனைவியிடம் நீட்டினார். சரசம்மா பேனாவை வாங்கிக்கொண்டு, “நான் எங்க போடணும்?” என்று கேட்டாள்.

வின்சி விரலை வைத்துக் காட்டினாள். அந்தக் கோட்டுக்குக் கீழே ‘மனைவி’ என்று அச்சாகியிருந்தது. சரசம்மா கன்னடத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். அவள் எழுதி முடிக்கும்வரை மற்ற இருவரும் தலை நிமிரவில்லை.